வறட்சியும் காட்டுத்தீயும்: எங்கள் குடியிருப்பைக் காக்க அலைந்த கதை

மழை பொய்த்து அது மூன்றாவது வருஷம். எங்கள் குடியிருப்பு ஒரு மலைச்சரிவின் நடுப்பகுதியில் இருக்கிறது. கீழே புல்காடு, பக்கவாட்டில் புதர், மேலே மரங்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே சாலை. காட்டுத்தீயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். எதிர்மலையில் பிடித்த சின்னத் தீ ஒன்று அணைந்த பிறகும் எங்கள் மொட்டைமாடியில் சாம்பல் வந்து விழுந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அதற்குப் பிறகு நான் அலைந்த அலைச்சலையும், போன பணத்தையும், கடைசியில் தீ வந்தே விட்ட அந்த மத்தியானத்தையும் எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் யாராவது ஒருவருக்காவது அலைச்சல் குறையட்டும்.

முதலில் கூட்டம் போட்டோம். பாதி வீடுகள் வரவில்லை. வந்தவர்களில் பலர், "காட்டு ஓரத்தில் அகலமாக ஒரு தீத்தடுப்புக் கோடு போட்டுவிட்டால் முடிந்தது" என்றார்கள். சங்கத்தின் கையிருப்பு முழுவதும் அந்த ஒரு வேலைக்கே போனது. புல்டோசர் வந்து மண்ணைச் சுரண்டி, பார்க்க அழகாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தது. கோடு வீண் என்று சொல்லமாட்டேன். காற்றில்லாத நாளில் தரையோடு ஊர்ந்து வரும் தீயை அது நிறுத்தும், தீயணைப்பு ஆட்கள் உள்ளே போக வழியும் ஆகும். ஆனால் பெரிய காற்றோடு வரும் தீ, நடந்து வந்து கோட்டருகே நிற்பதில்லை. எரியும் பட்டைத் துண்டுகளையும் கங்குகளையும் காற்றில் ஏற்றி முன்னால் அனுப்புகிறது. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட தீயில், கங்குகள் பல கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் புதுத் தீ மூட்டின. எங்கள் கோட்டின் அகலம் அதற்கு எம்மாத்திரம்!

அப்போதுதான் ஜாக் கோஹன் என்பவரின் ஆய்வுகளைப் பற்றிப் படித்தேன். அமெரிக்க வனத்துறையில் தீ ஆய்வாளராக இருந்தவர். கனடாவில் காட்டை வேண்டுமென்றே எரித்துச் செய்த பரிசோதனைகளில், மரச்சுவர்களைப் பல தூரங்களில் நிறுத்திப் பார்த்தார்கள். காட்டு விளிம்பிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்ற சுவர்கள், அவ்வளவு பெரிய சுவாலையைப் பார்த்தும் பற்றிக்கொள்ளவில்லை. அப்படியானால் வீடுகள் ஏன் எரிகின்றன? வீட்டை ஒட்டியிருக்கும் சின்னச் சின்னப் பொருள்களில் கங்கு விழுவதால். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்த பிறகு எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். தரைமட்டமான வீட்டுக்குப் பக்கத்திலேயே மரம் பச்சையாக நிற்கும். வீட்டை எரித்தது மரத்தீ அல்ல, வீட்டுக்குள் நுழைந்த கங்கும் பக்கத்து வீட்டின் வெக்கையும்தான். இதைப் படித்த அன்று எனக்குப் பயமும் வந்தது, நிம்மதியும் வந்தது. காட்டை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வாசற்படியை என்னால் பெருக்க முடியும்.

ஆகவே என் வீட்டிலிருந்தே ஆரம்பித்தேன். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை எரியக்கூடியது ஒன்றுமே இருக்கக்கூடாது. கேட்க எளிது, செய்து பார்த்தால்தான் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம் என்பது தெரியும். விறகு, அட்டைப்பெட்டி, பழைய பிளாஸ்டிக் நாற்காலி, சன்னலோரம் ஆசையாக வளர்த்த செடி, அதன் அடியில் போட்டிருந்த மரப்பட்டைத் தூள் எல்லாம் போயின. அந்த இடத்தில் ஜல்லியைக் கொட்டினேன். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் வடியும் தகரக் கால்வாயில் கையை விட்டால் ஒரு சாண் ஆழத்துக்குச் சருகு. மூன்று வருஷமாக மழை இல்லை, யார் அதை எட்டிப் பார்த்தார்கள்? மேலே அப்பளமாக நொறுங்கியது, அடியில் தூளாகிக் கிடந்தது. ஒரு கங்கு போதும், அது கூரைக்கு நேர் கீழே வைத்த திரிதான். அடுத்தது காற்றுப்போக்கிகள். கூரைக்கு அடியில் காற்று போக விட்டிருக்கும் ஓட்டைகள் வழியாகக் கங்கு உள்ளே போய்விடும். 3 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத உலோக வலையாகப் பார்த்து அடித்தேன். கொசுவலை போன்ற நைலான் வலை வேண்டாம், உருகிவிடும். இந்த வேலைகளுக்குப் பணம் அதிகம் ஆகவில்லை. வார விடுமுறைகள்தான் ஒன்றுவிடாமல் போயின. வீட்டில் எல்லோருக்கும் என்மேல் கோபம்.

பணம் போனது அடுத்த கட்டத்தில். வீட்டிலிருந்து 30 மீட்டர் வரை புதரைக் குறைத்து, புல்லை நாலு அங்குலத்துக்குள் வைத்து, மரங்களின் கீழ்க்கிளைகளை ஆளுயரத்துக்கு மேல் வரை கழிக்க வேண்டும். புல்லில் பிடித்த தீ புதருக்கு, புதரிலிருந்து கீழ்க்கிளைக்கு, அங்கிருந்து உச்சிக்கு என்று படியேறும். நடுப்படியை எடுத்துவிட்டால் போதும், மரத்தையே வெட்டித் தள்ள வேண்டியதில்லை. மொட்டையாக வழித்துவிடச் சொன்னவர்களும் இருந்தார்கள். சரிவில் அப்படிச் செய்தால் முதல் பெருமழையில் மண் வீட்டுக்குள் வரும். இதற்கு ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தேன். சங்கத்தில் பணம் இல்லை. எங்கள் தெருவில் சிலர் கொடுத்தார்கள், மீதியை நான் போட்டேன். ஆட்கள் வந்து மளமளவென்று வெட்டினார்கள். வெட்டியதையெல்லாம் பாதையோரம் குவியல் குவியலாகப் போட்டுவிட்டுப் போனார்கள். அள்ளுவது தனிக் கணக்காம். முன்பணம் வாங்கியவர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. உயிரோடு நின்ற புதரில் கொஞ்சமாவது ஈரம் இருந்தது. வெட்டிப் போட்ட குவியல் சில நாளில் சுக்காகக் காய்ந்து, முன்பு இருந்ததைவிட மோசமான நிலைமையாகிவிட்டது. வேறு வண்டி பிடித்து, வேறு ஆள் வைத்து, மறுபடி செலவு செய்து அள்ளினேன். என் சேமிப்பில் கணிசமான பகுதி அதோடு கரைந்தது. வெட்டுவது, அள்ளுவது, கொண்டுபோய்க் கொட்டுவது மூன்றையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கடைசிப் பங்கு பணத்தை இடம் சுத்தமான பிறகு கொடுங்கள்.

குவியல் கிடந்த நாட்களில் தினமும் ஒரு சண்டை. "ஒரு தீக்குச்சி போட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது, இதுக்குப் போய் வண்டி வைப்பாங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஐயா, இந்தக் காற்றில் வேண்டாம்" என்று கெஞ்சினேன். "நான் பிறந்ததிலிருந்து எரிக்கிறேன் தம்பி" என்றார். உண்மைதான். ஆனால் அவர் எரித்த வருஷங்களில் மண்ணுக்குள் ஈரம் இருந்தது. திட்டமிட்டு எரிப்பது நல்ல முறைதான், பழங்குடி மக்கள் பல நாடுகளில் காலங்காலமாகச் செய்வது. ஆனால் அவர்கள் பருவம் பார்த்து, ஈரம் பார்த்து, காற்றுப் பார்த்துக் குளிர்ந்த காலத்தில் எரிப்பார்கள். கடும் வறட்சியின் உச்சியில் குப்பைக்குத் தீ வைப்பது வேறு. அணைத்துவிட்டோம் என்று நினைக்கும் சாம்பலுக்குள்கூடக் கங்கு நாட்கணக்கில் கிடக்கும். காற்று கிளம்பினால் எழும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லையென்றால்தான் அணைந்தது என்று அர்த்தம்.

நடுவில் ஒரு நாள் சாயந்திரம் மழை தூறியது. அன்றோடு ஊரின் பயம் போய்விட்டது. அடுத்த ஞாயிறு சருகு அள்ள நான் ஒருவன்தான் போனேன். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். காய்ந்த புல், இலை, விரல் மொத்தம்கூட இல்லாத சுள்ளி ஆகியவற்றைத் தீ ஆய்வாளர்கள் ஒரு மணி நேர எரிபொருள் என்று வகைப்படுத்துகிறார்கள். காற்றின் ஈரப்பதம் மாறினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவையும் மாறிவிடும். சாயந்திரம் நனைந்த புல் மறுநாள் மத்தியானம் எரியத் தயார். தொடை மொத்த மரக்கட்டைகளை ஆயிரம் மணி நேர எரிபொருள் என்பார்கள். அவை காய மாதங்கள் ஆகும், மறுபடி ஈரம் ஏறவும் அப்படியே. சாதாரண வருஷத்தில் அந்தக் கட்டைகளின் ஈரம்தான் தீயை மட்டுப்படுத்தும். தொடர் வறட்சியில் அவையும் உள்வரை காய்ந்து எரிபொருளாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு தூறல் அதில் எதையும் மாற்றாது.

இனி மனிதர் கை. தீ பெரும்பாலும் யாரோ ஒருவரின் சாதாரண வேலையிலிருந்துதான் புறப்படுகிறது. 2018 ஜூலையில் கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்த கார் தீ (அது இடத்தின் பெயர்) எப்படிப் பிடித்தது தெரியுமா? பின்னால் இழுத்துச் சென்ற டிரெய்லர் ஒன்றின் டயர் பஞ்சராகி, ரிம் சாலையில் உரசிய பொறியில். அதே மாதம் அதே மாநிலத்தில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த இன்னொரு தீ, ஒருவர் குளவிக்கூட்டை அடைக்க இரும்பு முளையைச் சுத்தியலால் அடித்தபோது தெறித்த பொறியில் தொடங்கியது. பாரடைஸில் தேய்ந்துபோன பழைய மின்கம்பிக் கொக்கி. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தது இல்லை. இதையெல்லாம் எழுதி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். புல்வெட்டும் மெஷினைக் காலை பத்து மணிக்குள் நிறுத்துங்கள், பிளேடு கல்லில் பட்டால் பொறி வரும். வெல்டிங், கிரைண்டர் வேலையைக் காற்றடிக்கும் நாளில் வெட்டவெளியில் செய்யாதீர்கள். சூடான சைலன்சரோடு காரைக் காய்ந்த புல்லின்மேல் நிறுத்தாதீர்கள். இரண்டு கட்டைவிரல் வந்தது. ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டார்.

என்னை அதிகம் சோர்வாக்கியது தீயைவிட மனிதர்கள்தான். எங்கள் வரிசையில் ஒரு காலி மனை உண்டு. சொந்தக்காரர் வெளிநாட்டில். மனை முழுக்க இடுப்புயரப் புல், நடுவில் பழைய மர அலமாரி. மின்னஞ்சல் அனுப்பினேன், போன் செய்தேன், உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தனியார் நிலம், நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒரு வீட்டைக் காப்பது என்று ஒன்று கிடையாது. பக்கத்து மனையின் தீ உங்கள் சன்னல் கண்ணாடியை வெடிக்க வைக்கும். ஆட்களை எப்படி இணங்க வைப்பது என்பதில் நான் கண்டது இவ்வளவுதான். பயமுறுத்தினால் யாரும் வருவதில்லை. "உங்க கூரைக் கால்வாயை நானே சுத்தம் பண்ணித் தர்றேன், ஏணி மட்டும் குடுங்க" என்றால் கதவு திறக்கிறது. வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள் வீட்டிலிருந்து ஆரம்பித்தால் மற்றவர்கள் வெட்கப்பட்டாவது கையில் துடைப்பம் எடுக்கிறார்கள்.

தீ வந்த நாள் நல்ல வெயில், காற்று கீழிருந்து மேலே அடித்துக்கொண்டிருந்தது. சரிவின் அடியில் ஒரு வீட்டில் மத்தியானம் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். பொறி புல்லில் விழுந்தது. சரிவில் பத்து பாகை ஏறினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது கணக்கு. மேலேயுள்ள புல்லைச் சுவாலை முன்கூட்டியே சுட வைத்துவிடுகிறது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காய்ந்த புல்சரிவில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கியதை நினைத்துப் பாருங்கள், ஓடித் தப்பும் வேகம் அல்ல அது. முதலில் புகை மணம், பிறகு படபடவென்று ஒரு சத்தம். அதற்குள் காலி மனை எரிய ஆரம்பித்துவிட்டது. நான் வாசலுக்கு ஓடினேன். என் வாசலில் கிடந்த தேங்காய் நார் மிதியடியின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருப்பு வட்டம். விளிம்பில் சிவப்பாகக் கனன்று, நான் பார்க்கப் பார்க்கப் பெரிதாகிக்கொண்டிருந்தது. கதவு மரக்கதவு. செருப்புக் காலால் மிதியடியை ஜல்லியில் தள்ளி மிதித்தேன். நான் அந்த நேரத்தில் வெளியே போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். வாசல் மிதியடியை உள்ளே எடுத்துப் போடுங்கள் என்று எந்தப் பட்டியலிலாவது படித்திருந்தாலும் நாம் பொருட்படுத்துவதில்லை.

தொட்டியில் தண்ணீர் இருந்தது, ஆனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். காற்றும் தீயும் இருக்கும்போது நிறுத்தத்தான் செய்வார்கள், அதுதான் சரி. மோட்டார் ஓடவில்லை. மேலே பொருத்தியிருந்த பிளாஸ்டிக் குழாய் வெக்கையில் நெளிந்து தொங்கிவிட்டது. வாளியும் ஈரச் சாக்கும்தான் கைகொடுத்தன. ஆகவே தண்ணீரை நம்பித் திட்டம் போடாதீர்கள், அதுவும் குடிக்கவே அளந்து விடும் வறட்சியில். நம்பியே ஆக வேண்டுமென்றால் மின்சாரம் இல்லாமல் ஓடும் டீசல் பம்ப், வெக்கை தாங்கும் குழாய், உயரத்தில் இருந்து தானாக இறங்கும் தொட்டி இவற்றை யோசியுங்கள். கூரையில் குழாயைத் திறந்துவிட்டுக் கிளம்புவதும் வேண்டாம். எல்லோரும் அப்படிச் செய்தால் தீயணைப்பு வண்டிக்கு அழுத்தமே கிடைக்காது.

சாலையில்தான் எனக்கு உண்மையில் கை நடுங்கியது. இருபுறமும் கார்கள் நிறுத்தியிருந்தார்கள், கீழே போகிறவர்களும் மேலே வருகிற தீயணைப்பு வண்டியும் முட்டிக்கொண்டு நின்றார்கள். 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டே தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் சாலையில்தான் இறந்தார்கள், காரில் தப்பிக்கப் போன வழியில். அதற்குப் பிறகு அந்த நாட்டில் கிராமம்தோறும் ஒரு பொறுப்பாளர், எல்லோரும் கூடவேண்டிய பாதுகாப்பான இடம், வெளியேறும் ஒத்திகை என்று ஒரு திட்டமே 2018இல் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அந்த மாதிரி ஒன்றும் இல்லை. நல்லவேளை, காற்று திசை மாறியது. தீயணைப்புத் துறையினர் மேல் வரிசைக்கு முன்னாலேயே மடக்கிவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஒரு வீடும் இரண்டு கொட்டகைகளும் போயின. எரிந்த வீடு தீத்தடுப்புக் கோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்தது. அதன் பின்சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருந்தார்கள்.

போவதானால் முன்னாடியே போய்விட வேண்டும். புகை தெரிந்த பிறகு யோசிப்பது தாமதம். இப்போது நான் காரைச் சாலையைப் பார்த்த மாதிரி நிறுத்துகிறேன், எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. ஒரு பையில் பத்திரங்கள், மருந்து, சார்ஜர், முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி, என்95 முகக்கவசம். பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். நடக்க முடியாதவர்களை யார் எந்த வண்டியில் ஏற்றுவது என்று தெருவுக்குத் தெரு பெயர் எழுதி வைத்திருக்கிறோம். தீ அபாயத்துக்கான சிவப்பு எச்சரிக்கை நாட்களில் சாலையின் ஒரு பக்கத்தில் நிறுத்துவதற்குத் தடை. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. இருமல் விடாமல் இருந்தது. ராத்திரி எங்கே விறகு மணம் வந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். வீடு நின்றும் ஏன் இப்படி என்று எனக்கே கூச்சமாக இருந்தது. வீட்டை இழந்தவர் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மருத்துவரிடம் போனபோது, இது வழக்கமாக வருவதுதான் என்றார். முன்பே போயிருக்கலாம்.

சாம்பலை வாரும்போது தண்ணீர் தெளித்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வாருங்கள். எரிந்த பிளாஸ்டிக்கும் பெயின்ட்டும் அதில் கலந்திருக்கும். காப்பீட்டுக் கணக்கில் வீடு இழந்தவர் படும் பாட்டைக் கூட இருந்து பார்த்தேன். என்னென்ன பொருள் இருந்தது என்று கேட்டால் யாருக்கு முழுதாக ஞாபகம் இருக்கும்? போனை எடுத்து ஒவ்வொரு அறையாக, அலமாரியைத் திறந்து, ஒரு வீடியோ எடுத்து வீட்டுக்கு வெளியே எங்காவது சேமித்து வையுங்கள். தீத்தடுப்புக்குச் செய்த செலவுக்கான ரசீதுகளையும் அதிலேயே போட்டு வையுங்கள், பாலிசி புதுப்பிக்கும்போது காட்டலாம். காலி மனைக்காரர் இந்த முறை தானே போன் செய்து, புல்வெட்டப் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அள்ளிக் கொட்டுவதையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.